பசலி மாறுவதற்குள்

என் தம்பி அமெரிக்கக் குடிமகன் ஆவதற்கு நான்தான் பாடம் நடத்தினேன். கொஞ்ச நாள் இதைச் சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். இப்போது சொன்னால் வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருக்கிறது.

அவன் நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். கிரீன் கார்டு கிடைத்து, அதற்கு மேலும் சில வருடங்கள் காத்திருந்து, குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தான். அதற்கு ஒரு தேர்வு உண்டு. அந்த நாடு எப்படி உருவானது, அதன் அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று நூற்றுச் சொச்சம் கேள்விகளை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். அதிலிருந்து சிலவற்றை அதிகாரி நேரில் கேட்பார். நானோ தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். இளங்கலையில் அமெரிக்க வரலாறு எங்களுக்கு ஒரு தாள். ஒரத்தநாட்டிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு இருபது வருடமாக, அமெரிக்க அரசியலமைப்பை எழுதிய பிலடெல்பியா மாநாட்டை நடத்திக்கொண்டிருக்கிறேன். "வேற கோச்சிங் எதுக்கு, நீ இருக்கியே அக்கா" என்றான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு, காலை அவனுக்கு. ஃபோனில் அவன் காபி குடித்துக்கொண்டே பதில் சொல்வான்.

அவனுக்காகத்தான் நான் பழைய நோட்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் படித்தேன். என் நோட்ஸில் அந்த அரசியலமைப்பைப் பற்றிய பகுதிக்கு 'சமரசங்கள்' என்று தலைப்பு. அடிமைகளை மக்கள்தொகையில் எப்படிக் கணக்கிடுவது என்ற சண்டையில், ஐந்து பேரை மூன்று பேராக எண்ணலாம் என்று முடிவு செய்தார்கள். ஐந்து மதிப்பெண் கேள்வி. இதில் இன்னொரு விஷயத்தை நான் வகுப்பில் ரசித்துச் சொல்வது வழக்கம். அந்தச் சாசனம் முழுக்கத் தேடினாலும் 'அடிமை' என்ற சொல் கிடைக்காது. 'ஏனைய நபர்கள்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எவ்வளவு நாசூக்கு பாருங்கள் என்பேன். பிள்ளைகள் அதையும் எழுதிக்கொள்வார்கள்.

புதிதாகப் படித்தது வேறு. அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி, நாட்டின் தந்தை, தலைநகராக இருந்த பிலடெல்பியாவில் குடியிருந்தார். தென் மாநிலத்தில் இருந்த தன் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்குச் சில அடிமைகளையும் கூட்டிவந்திருந்தார். அந்த மாநிலத்தில் ஒரு சட்டம்: வெளியூர் முதலாளி கொண்டுவந்த அடிமை, தொடர்ந்து ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டால் விடுதலை கேட்கலாம். ஜனாதிபதி என்ன செய்தார் என்றால், ஆறு மாதம் முடிவதற்குள் அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார். ஊருக்கு அனுப்ப முடியாதபோது, ஆற்றைத் தாண்டி ஓரிரண்டு நாள் பக்கத்து மாநிலத்துக்குப் போய்வந்தால் போதும். கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். விஷயம் அவர்களுக்கும் தெரியக்கூடாது, ஊருக்கும் தெரியக்கூடாது என்று செயலாளருக்குக் கடிதம் வேறு. நாட்டையே விடுவித்த மனிதர், சமையல்காரரையும் தையல்காரப் பெண்ணையும் விடாமல் வைத்துக்கொள்ள நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். படித்தபோது எனக்குக் குமட்டியது. புத்தகத்தை மூடிவிட்டுக் கொல்லையில் போய் நின்றேன்.

அந்த ஞாயிறு தம்பி, "நாட்டின் தந்தை யார்" என்ற கேள்விக்கு டக்கென்று பதில் சொன்னான். அதோடு விடாமல் நான் இந்த ஆறு மாதக் கதையைச் சொன்னேன். "பக்கத்து மாநிலம்னு சொன்னேன்ல, அது உன் நியூ ஜெர்சிதான்" என்றும் சொன்னேன். அவனுக்கும் குமட்டும் என்று நினைத்தேன்.

அவன் சிரித்தான். "அக்கா, இது அப்படியே நம்ம அப்பாவோட பசலிக் கணக்கு" என்றான். குரலில் அவ்வளவு வாஞ்சை. செத்துப்போன அப்பாவை அவன் அப்படி நினைத்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

பசலி என்பது நிலத்துக்கான வருடம். ஜூலையில் பிறந்து ஜூனில் முடியும். ஒவ்வொரு பசலியிலும் எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார்கள் என்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்ற பதிவேட்டில் எழுதுவார். எங்களுக்கு ஒரத்தநாட்டுக்குத் தெற்கே கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. மேலப்பங்கு, வாய்க்கால்பங்கு, பனையடி என்று மூன்று துண்டு. அப்பா அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார், எல்லாம் வாய்ப்பேச்சில்தான். குத்தகைக்காரர் ஒரே துண்டில் வருடக்கணக்காக நின்று, அடங்கலில் பெயரும் ஏறிவிட்டால் நாளைக்கு உரிமை கேட்பார் என்பது அப்பாவின் பயம். அதனால் ஜூன் மாதம் வந்ததும் ஆளை ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்கு மாற்றிவிடுவார். "பசலி மாறுறதுக்குள்ள ஆள மாத்தணும்" என்பது எங்கள் வீட்டில், பால் வாங்கணும், கரண்ட் பில் கட்டணும் என்பது போலச் சாதாரணமாகக் காதில் விழுந்த பேச்சு. நாற்றைப் பறித்து நட்டால்தானே வளரும் என்று அதற்கு ஒரு கேலியும் உண்டு. சின்ன வயதில் நானும் அதற்குச் சிரித்திருக்கிறேன்.

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. பட்டா என் பெயரிலும் தம்பி பெயரிலும் கூட்டாக இருக்கிறது. உள்ளூரில் இருப்பவள் நான். அந்த மூன்று ஜூனிலும் ஃபோன் போட்டு ஆளை மாற்றியவளும் நான்தான். ஜனாதிபதியைப் படித்துக் குமட்டியபோது இது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. கொல்லையில் போய் நின்றேனே, அப்போதும் வரவில்லை. தம்பி சிரித்த பிறகுதான் வந்தது.

எங்கள் நிலத்தைச் சாகுபடி செய்பவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். அவர் அப்பாவும் அம்மாவும் எங்கள் தாத்தாவிடம் பண்ணையாட்களாக இருந்தவர்கள். புருஷன் இறந்தபின் இவரே குத்தகையை ஏற்று நடத்துகிறார். உழவு ஓட்டுகிறவரிடமும் அறுவடை மெஷின்காரரிடமும் அவர் பேசுகிற கறாரை நான் பார்த்திருக்கிறேன். அப்பா அவரை வா, போ என்றுதான் பேசுவார். நான் வாங்க, சொல்லுங்க என்று 'ங்க' போட்டுப் பேசுவேன். அப்பாவைவிட நான் ஒரு படி மேல் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு.

இந்தத் தை மாத மழையில் அவருடைய சம்பா, அறுக்க வேண்டிய நேரத்தில் தண்ணீரில் சாய்ந்து முளைத்துவிட்டது. நிவாரணம் அடங்கலில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டும் என்றார்கள். மேலப்பங்கில் பயிர் வைத்தது அவர், அடங்கலில் இருந்தது எங்கள் பெயர். சித்திரையில் ஒருநாள் பஸ் பிடித்துத் தஞ்சாவூருக்கு என் வீட்டுக்கே வந்தார். பிளாஸ்டிக் கவரில் ஒரு காகிதம். சாகுபடி செய்பவர் என்று அவர் பெயரை எழுத எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்தது.

"நிவாரணம் போனது போவட்டும் டீச்சரம்மா. அடுத்த தடவையாச்சும் நான்னு ஒருத்தி அந்த வயல்ல இருந்தேன்னு எழுத்துல இருக்கணும். ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க."

"தம்பியையும் ஒரு வார்த்தை கேக்கணும்ங்க" என்றேன். காபி கொடுத்து அனுப்பினேன்.

கேட்கத்தான் செய்தேன். அவனுடைய நேர்முகத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது. தம்பி கேட்ட முதல் கேள்வி, குடியுரிமை மாறினாலும் பட்டாவில் அவன் பெயர் நிற்குமா என்பது. பிறகு, "கையெழுத்தெல்லாம் போடாத. பசலி மாறுறதுக்குள்ள பனையடிக்கு மாத்திடு. அப்பா இருந்தா இதத்தான் செஞ்சிருப்பாங்க" என்றான். அதே மூச்சில், "சரி, அடுத்த கேள்வி கேளு" என்றான். சாசனத்தின் முதல் மூன்று சொற்கள் என்ன என்று கேட்டேன். 'மக்களாகிய நாம்' என்பதை அந்த ஊர் ஆங்கிலத்தில் மூக்கால் சொன்னான். சரி என்றேன். சரியான பதில்தானே.

அவன் தேறிவிட்டான். கையை உயர்த்திப் பிரமாணம் எடுத்த படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டான். இன்னொரு கையில் சின்னக் கொடி. கீழே பூங்கொத்தும் கைதட்டலுமாகக் கொட்டிக் கிடந்தது. அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைவிட என் மேல்தான் அதிகம். மேஜை டிராயரைத் திறந்து, ஒரு மாதத்துக்கு மேலாகப் பில்லுகளுக்கு அடியில் கிடந்த அந்தக் காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். தம்பியைக் கேட்கவில்லை. இந்த வீட்டில் ஒருத்தியாவது மனுஷி என்று அப்போது நினைத்துக்கொண்டதை இங்கே எழுதவே கூசுகிறது.

ஜூன் இரண்டாம் வாரம் நேரில் கொடுக்கலாம் என்று போனேன். மேலப்பங்கு உழாமல் காய்ந்து கிடந்தது. அவரைப் பனையடியில், போர்செட்டுக்குப் பக்கத்தில் கண்டேன். அங்கே குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்தார். நாற்று விரற்கடை உயரத்துக்கு வந்து பச்சென்று நின்றது.

"மேலப்பங்குல விடலையாங்க?" என்றேன்.

வரப்பில் உட்கார்ந்து காலில் சேற்றை வழித்துக்கொண்டே சொன்னார். "பசலி மாறுதுல்ல டீச்சரம்மா. எப்பவும் ஜூன் கடைசியிலதான் ஃபோன் பண்ணுவீங்க. நீங்க சொன்னப்புறம் வெத விட்டா, தண்ணி வர்றப்ப கையில நாத்து இருக்காது. அதான் மூணு வருஷமா நீங்க சொல்றதுக்கு முன்னாடியே மாத்தி விட்டுர்றது. மேலப்பங்குக்கு அப்புறம் பனையடின்னுதான் வழக்கமாச்சே."

நான் ஒவ்வொரு வருடமும் தயங்கித் தயங்கி, தண்ணி வசதி அப்படி, மண்ணுக்கு ஓய்வு வேணும் என்று எதையாவது புளுகி, 'ங்க' போட்டுச் சொன்ன ஃபோன்கள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. அத்தனையையும் அவர் நாற்று விட்டுவிட்டுத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சரிங்க, சரிங்க என்று.

காகிதத்தை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார். முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை.

"இது மேலப்பங்கு சர்வே நம்பரு. ஜமாபந்தி முடிஞ்சு இந்தப் பசலிக் கணக்க மூடிட்டாங்களே. இனிமே அந்த வயல்ல நான் இல்லையே டீச்சரம்மா."

இது எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஜமாபந்தி என்றால் தாலுகா ஆபீசில் வருடக் கணக்கை முடிக்கிற நாள், அது எப்போது வரும் என்று நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. காலி வயலுக்குக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு, ஏதோ தியாகம் செய்தவள்போல பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

அவர் காகிதத்தைத் திருப்பி என்னிடமே கொடுத்தார். கோபம் இல்லை. நாற்றங்காலைக் கையால் காட்டினார்.

"போட மனசு வந்துருச்சுல்ல, அது போதும். இதோட பின்பக்கத்துலயே பனையடி நம்பரப் போட்டு எழுதிக் குடுங்க. பேனா இருக்கு. வர்ற பசலிக்கு ஏத்திக்கிறேன். இந்தத் தடவ இங்கேயே நின்னுர்றேன்."

பேனாவையும் அவரே எடுத்து நீட்டினார். மடிக்குள் சுருக்குப் பையில் வைத்திருந்தார். வாங்கிக்கொண்டேன். பனையடி ரோட்டோரம். அதை மனை போட்டு விற்கலாம் என்று தம்பி இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். நான் மறுத்துப் பேசியதில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பியை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேங்க" என்றேன்.

"சரிங்க" என்றார்.