பூசணிக் கத்தியும் பெரியத்தையும்

கடையைத் திறந்ததும் கறிக்கடைக்காரர் முதலில் தீட்டுவது கறி வெட்டும் கத்தியை அல்ல, பூசணிக் கத்தியை. அது தனி ஆணியில், வெள்ளைத் துணி சுற்றித் தொங்கும். கறி வாங்கப் போன நான் தெரியாத்தனமாக ஒருநாள் கறியைத் தொட்ட கையை அதில் வைத்துவிட்டேன். "ஐயய்யோ, கைய எடுங்க! எம் பொண்ணு மோப்பம் பிடிச்சிடுவா" என்று பதறிவிட்டார்.

அவருடைய ஒரே மகள் இறைச்சியோடு பால், முட்டை, தேன் எல்லாவற்றையும் விட்டவள். பக்கத்திலேயே காய்கறிக் கடை வைத்திருக்கிறாள். "தேன் கூடவா ஆகாது? தேனீகிட்டயும் அனுமதி கேக்கணுமாக்கும்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அங்கலாய்ப்பார். அங்கலாய்த்துக்கொண்டே அவள் கடைக்குப் பூசணியைக் கீறிக் கொடுப்பார்.

ஊரைத் தாண்டி இருவருக்கும் குத்தகை நிலம் இருக்கிறது. நடுவில் கம்பிவேலி. இந்தப் பக்கம் அவர் ஆடுகள், அந்தப் பக்கம் அவள் பாத்திகள். மகள் சும்மா இருப்பாளா? ஆடுகளுக்குப் பெயர் வைக்கத் தொடங்கினாள். ஒரு கிழட்டு ஆட்டுக்கு அவருடைய அக்காவின் சாயலாம், தாடி உட்பட. அதைப் 'பெரியத்தை' என்று கூப்பிட்டாள். "எங்கக்கா பேர வெச்சுத் தொலைச்சிட்டா. இனிமே நான் எப்படிங்க வெட்டுவேன்?" பெரியத்தை இன்றுவரை தின்று கொழுத்துக்கொண்டிருக்கிறது.

போன மாதம் நிலத்துக்காரர் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் முழு நிலத்தையும் கேட்கிறாராம். "அப்பாவும் பொண்ணும் சேர்ந்து ஒரே குத்தகையா எடுத்துக்கிட்டா உங்களுக்கு. இல்லேன்னா அவருக்கு" என்று சொல்லிவிட்டார். "ஆடு வெட்டுறவரோட சேர்ந்து கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் மகள். "எனக்கு மட்டும் என்ன கொள்ளை ஆசையா?" என்றார் அப்பா. நிலம் போனால் இரண்டு கடையும் போச்சு. அவர்கள் பிழைப்பு என்னாவது, இரண்டு கடையிலும் வாங்கித் தின்னும் என் சாப்பாடு என்னாவது?

அப்படி என்னதான் நடத்துகிறார் என்று பண்ணைக்காரரின் பழைய கொட்டகையைப் பார்க்கப் போனார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள், சண்டை மூளாமல் வண்டியில் நடுவில் உட்கார ஆள் வேண்டுமே! உள்ளே ஒரு ஜன்னல் கிடையாது. கோழிகளுக்குச் சிறகை விரிக்க இடமில்லை. பின்னால் கழிவு தேங்கி, புல்கூட முளைக்காமல் தரை கருத்துக் கிடந்தது.

வெளியே வந்ததும் கறிக்கடைக்காரர் குனிந்து அந்தக் கருத்த மண்ணில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பிறகு மகளிடம், "நானும் கொல்றவன்தாம்மா, இல்லேன்னு சொல்லல. ஆனா சாகுற வரைக்கும் அது வெயில்ல நடக்க வேணாமா? மண்ணையும்ல சாகடிச்சு வெச்சிருக்கான் பாவி!" என்றார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க சொல்றதுல பாதி சரிப்பா."

"மீதிப் பாதி?"

"அத வீட்ல போய் சண்ட போட்டுக்கலாம்."

கையெழுத்துப் போட்டார்கள். சண்டை தொடர்கிறது. ஆனால் காய் பறித்து முடிந்த பாத்திகளில் ஆடுகள் மேயலாம், புழுக்கை அப்படியே மண்ணுக்கு என்று பேச்சு. வேலியில் அவளே ஒரு வழி வைத்தாள்.

நேற்று முதல் தடவையாக அதைத் திறந்தார்கள். பெரியத்தை காலிப் பாத்தியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், காய்த்துக் குலுங்கிய பீன்ஸ் செடிக்கு நேராக நடந்தது. "அக்கா! ஐயோ அக்கா, வேணாம்!" என்று அலறிக்கொண்டு ஓடினார் கறிக்கடைக்காரர். அதன் தாடையை விரித்து, பாதி மென்ற பீன்ஸைப் பிடுங்கி, சட்டையில் நன்றாகத் துடைத்து, மகளின் கூடையில் பவ்யமாக வைத்தார்.