சுண்ணாம்பு தடவிய பத்துக் காய்

போடியில் ஏலக்காய் பொறுக்கும் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முறத்தில் ஒரு காய் மிச்சம் இருந்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். பருத்தது, சிறுத்தது, வெடித்தது, வெளுத்தது என்று எதிரே நாலு குவியல். எதில் சேர்ப்பது என்று சந்தேகம் வந்தால் விரல் ஒரு நொடி தயங்கும், பிறகு ஏதோ ஒன்றில் போட்டுவிடும். முறத்தில் மட்டும் விடாது. சந்திரவல்லியின் விரல்கள் பதினாலு வயதிலேயே, பள்ளி லீவு நாட்களில், இதற்குப் பழகியவை. அந்தப் பழக்கம் அவளைக் கவிழ்க்கப் பார்க்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

1987 மார்ச். அவளுக்கும் எனக்கும் பதினெட்டு வயது. அவள் பொறுக்கிய ஏலக்காய்க் கிட்டங்கி என் அப்பாவுடையது. நான் மதுரையில் கான்வென்டில் படித்துவிட்டு வந்தவள். அவள் போடியில் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் தங்கி, உள்ளூர் அரசுப் பள்ளியில் தமிழில் பிளஸ் டூ எழுதிவிட்டு மறுநாளே முறத்தின் முன் உட்கார்ந்தவள். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு அறிவிப்பு நூலகத்தில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து எழுதிக்கொள்ள நின்றபோதுதான் ராசிங்காபுரத்துப் பால்பாண்டி அறிமுகமானான். அவனிடம் பேனா இருந்தது, எங்களிடம் காகிதம் இருந்தது. மூன்று பேரும் சேர்ந்தே படிப்பது என்று அங்கேயே முடிவானது.

எனக்கு அது அப்பா சொன்ன யோசனை. பால்பாண்டிக்குப் பேச்சு வரும், வக்கீலுக்குப் படித்தால் என்ன என்று நினைத்தான். சந்திரவல்லி மட்டும் காரணத்தோடு வந்தாள். அவள் அண்ணன் காசிராஜன் மலையில் ஒரு எஸ்டேட்டில் நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறி விழுந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனவர். மரம் நின்றது கேரளத்து மண்ணில், ரேஷன் கார்டு இருந்தது போடியில். கீழே ஓர் அலுவலகம் மேலே போகச் சொல்லும், மேலே ஓர் அலுவலகம் கீழே போகச் சொல்லும். ஏழாம் வகுப்பிலிருந்து ஆறு வருடம் ஆத்தாவோடு நஷ்ட ஈட்டுக் கோப்பைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கியவள் அவள். எந்த ஊர் சட்டம் தங்களுக்குப் பொருந்தும் என்று ஒருவரும் சொல்லவில்லை, அதனால் தானே படித்துத் தெரிந்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். சொன்ன தொனியில் கோபம்கூட இல்லை.

அவளுக்கு ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. ஆத்தா செல்லத்தாய்க்கு இடுப்பு வலி, களை கொத்து வேலைக்கு இனி அதிக நாள் குனிய முடியாது. எஸ்டேட் ஆள் பதிவேடான செக்ரோலில் அவள் பெயர் இருந்தால்தான் லயத்தில், தொழிலாளர் குடியிருப்பில், வீடு. ஆடி ஒண்ணாம் தேதிக்குள் மகள் வந்து அந்த வேலையைத் தன் பெயரில் ஏற்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போடுவதாகக் கங்காணி சொல்லிவிட்டார். ரிசல்ட்டு வரட்டும், பிறகு பார்ப்போம் என்று செல்லத்தாய் தவணை வாங்கியிருந்தாள். சீட்டு கிடைக்காவிட்டால் சந்திரவல்லி மலைக்குப் போயாக வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் கிட்டங்கியின் முன்பக்கம் உட்காருவோம். ரெண்டு பொம்பளப் புள்ளைகளுக்கு நடுவில் ஒரு பயல் என்றால் ஊர் என்ன சொல்லும் என்று, கூடப் பொறுக்கும் மொக்கம்மாள் தானாகவே காவலுக்கு நின்றாள். இருபத்து நாலு வயது, எழுதப் படிக்கத் தெரியாது, வாய் மட்டும் அரிவாள். நான் இங்கிலீஷ் சொல்லித் தருவேன். பால்பாண்டி டீக்கடைப் பேப்பர் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்தான், அரசியல் சட்டம் அவன் பங்கு. ஐந்து பேர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் யாருக்குப் பக்கத்தில் என்ற வகைக் கணக்குகள் சந்திரவல்லியுடையவை. தரையில் ஐந்து ஏலக்காயை வைத்து இடம் மாற்றி மாற்றி, நான் கேள்வியை வாசித்து முடிக்கும் முன் விடை சொல்லுவாள். கான்வென்ட் படிப்பு அவள் பக்கத்தில் எனக்குக் கைகொடுக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் பால்பாண்டி கார்பன் வைத்து நூறு கேள்வி எழுதி ஒரு மாதிரித் தேர்வு வைத்தான். அசல் தேர்வைப் போலவே, ரெண்டு தப்புக்கு ஒரு மார்க்கு போகும். சந்திரவல்லி அறுபத்தெட்டு சரி, முப்பத்திரண்டு தப்பு, நின்றது ஐம்பத்திரண்டு. பால்பாண்டி அறுபத்து நாலுதான் சரியாக எழுதியிருந்தான், ஆனால் முப்பது கேள்வியைத் தொடவே இல்லை. அவனுக்கு அறுபத்தொன்று.

தெரியாததை விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். அவள் புரியாமல் பார்த்தாள்.

"விட்டுட்டு எப்பிடி எந்திரிக்கிறது?"

விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தோம். அடுத்த தேர்விலும் அதேதான். பேனா தயங்கும், அப்புறம் ஏதோ ஒன்றில் விழும். நாங்கள் கணக்குப் போட்டுக் காட்டினோம், அவளும் தலையாட்டினாள். மூன்றாவது தேர்வில் நின்றது நாற்பத்தொன்பது. பால்பாண்டி பேப்பரை மடித்து வைத்துவிட்டான்.

கண்டுபிடித்தது மொக்கம்மாள். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே கூட்டிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"ஏ மொதலாளி மகளே, நீ அவ மூளைக்குச் சொல்லிக்கிட்டிருக்க. அவ கையில்ல கேக்க மாட்டேங்குது. அந்தச் சோலிய எங்கிட்ட விடு."

மறுநாள் காலையில் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்துப் பத்துக் காயில் தடவி, சந்திரவல்லியின் முறத்தில் கலந்துவிட்டாள். அந்தப் பத்தையும் தொடாமல் மற்றதை முடிக்க வேண்டும், தொடாமலே எழுந்திருக்க வேண்டும். அப்பா பார்த்துவிட்டு, பத்துக் காய் நாசமா என்று முனகினார், ஆனால் தடுக்கவில்லை. முதல் நாள் அவள் கை தன்னால் அந்தக் காய்களுக்குப் போனது. மொக்கம்மாள் பக்கத்தில் இருந்தபடியே புறங்கையில் ஒரு தட்டு தட்டினாள். சாப்பாட்டு மணி அடித்தும் சந்திரவல்லி எழவில்லை. வெள்ளை வெள்ளையாக முறத்தில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கண் கலங்கிவிட்டது. சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"எந்திரிடி. நீ எந்திரிச்சா மலை ஒண்ணும் இடிஞ்சு விழாது," என்றாள் மொக்கம்மாள்.

எழுந்தாள். நாலாம் நாள் கை போகவில்லை. பத்தாம் நாள் அந்தக் காய்கள் கண்ணில் படவில்லை என்றே சொன்னாள். பதினைந்து நாள், தினம் மூன்று தடவை, பதினெட்டு பெண்கள் பார்க்க அவள் அதைச் செய்தாள். எனக்கு அதற்குப் பாதி பிடிவாதம் இருந்திருந்தால் இந்தக் கதை வேறாகியிருக்கும்.

மே கடைசியில் முதல் பஸ்சில் மதுரைக்குப் போனோம். தேர்வு அறையில் அவள் எனக்கு இரண்டு வரிசை முன்னால். கடைசிக் கால் மணி நேரம் இருந்தது. இவ்வளவு கேள்வியைக் காலியாக விட்டுவிட்டு அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயத்தில், விட்டுவைத்த எல்லாவற்றிலும் குறி போட்டேன். நிமிர்ந்தபோது சந்திரவல்லி பேனாவை மூடிவைத்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தொரு கேள்வியை விட்டதாக வெளியே வந்து சொன்னாள். நான் எத்தனை விட்டேன் என்று பால்பாண்டி கேட்டதற்குப் பொய் சொன்னேன். போன மாதம் போனில் பேசும்போதுதான் அவனிடம் உண்மையைச் சொன்னேன். அப்போதே தெரியும் என்றான்.

ஆனி கடைசியில் கிட்டங்கி முகவரிக்குக் கடிதம் வந்தது. அவளுக்குச் சீட்டு கிடைத்திருந்தது. பால்பாண்டி காத்திருப்புப் பட்டியலில் இருந்தான். அடுத்த வருடம் மறுபடி எழுதித் தேறினான். என் பெயர் எதிலும் இல்லை. வேறு படிப்பு, வேறு தேசம் என்று நான் விலகிப் போனது அங்கே தொடங்கியது. கடிதத்தை மொக்கம்மாள் வாங்கிப் பார்த்து, தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று ஒரு தடவை திருப்பிக்கொண்டு, "இதுல எங்க இருக்கு அவ பேரு?" என்று கேட்டாள். காட்டினோம். விரலால் தடவிப் பார்த்தாள்.

ஆடிக்கு மூன்று நாள் இருந்தது. லோடு ஏற்றிய ஜீப்பில் சந்திரவல்லியும் நானும் மேலே போனோம். இன்று அவள் தேனி நீதிமன்றத்தில் எழுந்து நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல் கோப்பை இன்னொரு தடவை புரட்டுவார் என்கிறார்கள். அன்று வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு வந்தாள். பயமாக இருக்கிறது, வீட்டை விட்டுவிட்டு அண்ணனை எங்கே வைப்பது என்று ஒரு தடவை கேட்டாள். கிட்டங்கிக்குப் பின்னால் சாக்குப் போடும் அறை ஒன்று இருந்தது. அப்பாவிடம் கேட்கிறேன் என்றேன். கேட்காமலேயே மொக்கம்மாள் அதைக் கூட்டிக் கழுவிக்கொண்டிருந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது.

லயத்து வாசலில் கங்காணி மொக்கையன் செக்ரோலோடு உட்கார்ந்திருந்தார். செல்லத்தாய் கொத்திலிருந்து வந்து, கடிதத்தை மகள் வாசிக்கக் கேட்டாள். ஒரு தடவை போதவில்லை, மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

"எத்தன வருசம்?"

"அஞ்சு, ஆத்தா."

கங்காணி கெட்டவர் இல்லை. நிதானமாகத்தான் சொன்னார். "அவசரம் வேணாம் செல்லத்தாயி. பேர அடிச்சா அடிச்சதுதான், பின்ன லயம் கெடையாது. அஞ்சு வருசம் எங்க கெடப்பீங்க? யோசிச்சு நாளைக்குச் சொன்னா மதி, போதும்."

செல்லத்தாய் இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தாள். உள்ளே பாயில் கிடந்த காசிராஜனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சரி என்று தலையை அசைத்தார்.

"பேர அடிங்கண்ணே."

பென்சிலை நாக்கில் தொட்டு அவர் கோடு போட்டார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகியபடி உள்ளே போனாள்.

"ரெண்டு பேரும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அண்ணனத் தூக்குங்க. வெரசா, ஜீப்பு போயிரும்."