ஷேர் ஆட்டோ சாவி என் கைல

எம் மூஞ்சில இடது பக்கம் நெத்திலேர்ந்து கன்னம் வரைக்கும் பீட்ரூட் செவப்பு. பொறக்கும்போதே வந்தது. வலிக்காது, போவாது. பாக்குறவங்க எல்லாம் இன்னான்னு கேப்பாங்க. ஒரு அக்காகிட்ட பிரியாணி அண்டா ஆவி அடிச்சிடுச்சுன்னேன். ஒரு சார்கிட்ட எங்க வூட்டு மூட்டைப்பூச்சி பெருசுன்னேன். ரெண்டு பேரும் நம்பினாங்க.

நெசத்த சொன்னாதான் நம்ப மாட்றாங்க. தோலுக்கு அடில ரத்தக்குழாய் கூட்டமா பின்னிகினு கீது. உள்ள மூளை மேலயும், அதே இடது பக்கம், அப்டியே கீதாம். அதனால இடது கண்ணுல பிரஷர், தினம் சொட்டு மருந்து. வலிப்பு மட்டும் வலது கைல வரும். இடது மூளைதான் வலது கைய ஆட்டுதாம். வயரிங் போட்டவன் தண்ணிய போட்டுகினு போட்டிருக்கான்.

போன மாசம் நானும் மச்சானும் பெருங்களத்தூர்ல தாம்பரம் ஷேர் ஆட்டோ ஏறினோம். கொஞ்ச தூரத்துலயே வலது கை வெட்டி வெட்டி இழுக்குது. எல்லாம் தெரியுது, கேக்குது. பேச்சுதான் வரல. சீக்கிரம் நிக்கலன்னா மூக்குல ஸ்ப்ரே அடிக்கணும், வுட்டா மூளைக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லி கீறாரு. ஸ்ப்ரே என் பேன்ட் பாக்கெட்ல.

"இரும்பு குடுங்க, இரும்பு"ன்னுச்சு எதிர்ல இருந்த பூக்கார அக்கா. அவ்ளோதான். வூட்டு சாவி, பைக் சாவி, ஒரு ஆபீஸ் சாரோட பீரோ சாவி, எல்லாத்தயும் என் கைல திணிக்கிறாங்க. டிரைவர் அண்ணா ரொம்ப நல்லவரு. வண்டிய ஓரங்கட்டி, வண்டி சாவியவே உருவி குடுத்தாரு. கை இறுக்கி மூடிகிச்சு.

"அண்ணா, ஆஸ்பத்திரிக்கு வுடுங்க"ன்னான் மச்சான்.

"வுட்லாம் பா. சாவி அவன் கைல கீதே."

ஆளாளுக்கு வெரல பிரிக்கிறாங்க. "தம்பி, கொஞ்சம் கோஆப்ரேட் பண்ணுங்க"ன்றாரு சார். உள்ளுக்குள்ள சிரிச்சேன். இழுப்பு தோளுக்கு ஏறுச்சு, சிரிப்பு நின்னுபோச்சு. நல்லா இருந்த இடது கையால பாக்கெட்ட காட்டினேன்.

"அந்த கையும் கேக்குது பாரு"ன்னு அக்கா அதுல ஒரு பூட்ட வெச்சுது.

நல்லவேளை மச்சானுக்கு புரிஞ்சுது. பாக்கெட்ல கைவுட்டு எடுத்து மூக்குல அடிச்சான். கொஞ்ச நேரத்துல கை தளர்ந்து, சாவிங்க எல்லாம் கீழ வுழுந்துச்சு.

"பூட்டு குடுத்ததும் நின்னுச்சு பாத்தியா"ன்னுச்சு அக்கா.

யாரும் எறங்கல. ஆட்டோவோட ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாங்க. பேச்சு திரும்பிடுச்சு. வலது கை மட்டும் ஈரத் துணி மாதிரி தொங்குது. "சில சமயம் இப்டி ஆவும், திரும்ப வருதான்னு பாக்கலாம்"னாரு டாக்டர். அவரு வெரல என் கைல வெச்சு, அமுக்க சொன்னாரு. அமுக்கறேன், அமுக்கறேன், ஒண்ணும் நடக்கல. இத்தன வருசத்துல எனக்கு கிண்டல் வராத நேரம் அது ஒண்ணுதான்.

சாயந்தரமா சுண்டு வெரல் ஆடுச்சு. மச்சான் கண்ண தொடச்சுகினான்.

"இன்னொரு பூட்டு குடுத்தா மீதி நாலும் வரும்"னுச்சு அக்கா. டாக்டர் வேணாம்னு சொல்லல.