ஓர் அண்டாச் சோறு

எதையும் வீணாக்கக் கூடாது என்பதில் அந்த வயதில் எனக்கு ஒரு வெறியே இருந்தது. நல்ல குணம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. குடிக்கிற தண்ணீரை அம்மா இடுப்பில் சுமந்து வருவாள். ஒரு சொம்பைக் கொட்டிவிட்டால் முதுகில் அடி விழும். அப்படி வளர்ந்தவள் எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டுக் கல்லூரி விடுதிக்குப் போனால் என்ன ஆகும்? மழையில்லாத வருஷம் வேறு. கிணற்றில் வாளி தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு பக்கெட் தண்ணீரில்தான் குளியல் என்று வார்டன் அம்மாவைச் சொல்ல வைத்தது நான். குளித்த தண்ணீர் வாழைக்குப் போக வாய்க்கால் வெட்டியதும் நான். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தைத் தைத்து நோட்டாக்கினேன். அரிசி கழுவின தண்ணீரும் மிச்சம் மீதியும் சேர, சமையல்கட்டு வாசலில் ஒரு பீப்பாய் வைத்தேன். பெண்கள் எனக்குக் 'கழனித்தொட்டி' என்று பேர் வைத்தார்கள். கூப்பிட்டால் கோபம் வரும். உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும்.

பீப்பாய்த் தண்ணீர் பின்பக்கத்து மதிலுக்கு வெளியே குடிசை போட்டிருந்த ஓர் அக்காவின் மாட்டுக்குப் போனது. அவள் தனியாள். காலை பஸ்ஸில் மாமல்லபுரம் போய்ச் சித்தாள் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பியதும் வந்து தண்ணீரை எடுத்துப் போவாள். மாடு அவளுடையதல்ல, வார மாடு. பால்காரர் ஒருவர் கிடேரியைக் கொடுத்து வளர்க்கச் சொல்லியிருந்தார். ஈன்றதும் மாடு அவருக்கு, கன்று வளர்த்தவளுக்கு. மாடு நிறைமாத சினை. "என்துன்னு சொல்லிக்க ஒண்ணு வரப் போவுது பாப்பா" என்று அவள் மாட்டின் வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பீப்பாயில் சோறு கிடந்தால் அவள் கைவிட்டு அள்ளி எடுத்துக் காக்காய்க்குப் போட்டுவிடுவாள். "சோறு வாணாம் பாப்பா, தண்ணி போதும்." கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். அடுத்தவர் சாப்பாட்டை நிறைய வாங்கிக்கொள்ளக் கூச்சம். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

ஒரு நாள் மத்தியானம் சாம்பாரில் புழு கிடந்தது. பெண்கள் தட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்கள். ஒருத்தியும் சாப்பிட மாட்டோம் என்று முடிவாயிற்று. ஓர் அண்டா நிறையச் சோறு, ஆவி பறக்க அப்படியே இருந்தது. "பின்னால குழியில கொட்டிடு" என்று வார்டன் அம்மா சமையல்காரியிடம் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு சோறா? மண்ணிலா?

சமையல்காரியிடம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, மதில் இடிந்திருந்த இடம் வழியாக வெளியே போனேன். அந்தப் பக்கம் போக எங்களுக்கு அனுமதி இல்லை. பக்கெட் பக்கெட்டாகச் சுமந்து மாட்டின் தொட்டியில் கொட்டினேன். ஐந்து நடை. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். மாடு தலை நிமிராமல் தின்றது. பாவம், எத்தனை நாள் பசியோ என்று நினைத்துக் கழுத்தைத் தடவினேன். தின்று முடித்ததும் தொட்டியை ஒரு பருக்கை ஒட்டாமல் கழுவி, அந்தத் தண்ணீரையும் வாழைக்கு ஊற்றினேன். சே! அதையும் வீணாக்கவில்லை நான்.

மறுநாள் காலை மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டு ஓடினேன். மாடு படுத்துக் கிடந்தது. வயிறு உப்பி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அக்கா எங்கிருந்தோ மாட்டு டாக்டரை அழைத்து வந்திருந்தாள்.

"என்னம்மா தின்னுச்சு?"

"எப்பவும் போலத்தான் சார். புல்லு, கழனித் தண்ணி."

"சோறு, மாவு எதாவது நிறைய தின்னுதா? நல்லா யோசிச்சுச் சொல்லு. அதுன்னா வைத்தியமே வேற."

"அய்ய, சோறு நான் காட்டவே மாட்டன் சார். செத்துப் பூடும்னு தெரியாதா?"

நான் மதில் இடிந்த இடத்திலேயே, பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. மதில் தாண்டியது தெரிந்தால் விடுதியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன் என்றுதான் வெகுநாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையல்ல. கல்லூரி முழுக்க எனக்கு இருந்த அந்த நல்ல பேர் போய்விடுமே! அதுதான். டாக்டர் வேறு எதற்கோ ஊசி போட்டுவிட்டுப் போனார். மத்தியானம் மாடு செத்தது. கன்றும் உள்ளேயே போயிற்று.

பால்காரர் வந்து, ஊரே கேட்கத் திட்டினார். "மாட்ட பட்டினி போட்டு, கண்டத மேய வுட்டு சாவடிச்சிட்டியேடி!" அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் விடுதியில் புது சாம்பார் வைத்தார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும்தான் சாப்பிட்டேன், தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல்.

மூன்றாம் நாள் காலை தாங்க முடியாமல் போய்ச் சொன்னேன். வேலைக்குக் கிளம்பி, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"டாக்டரு கேக்க சொல்ல நீ அங்கதான நின்னுகினு இருந்த?"

"ஆமாங்க்கா."

அவள் தூக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அந்த சோத்த குழில கொட்டிருந்தா உனுக்கு இன்னா பாப்பா பூட்டிருக்கும்?"

திட்டவில்லை. பதில் வேண்டும் என்றுதான் கேட்டாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமல்லபுரம் பஸ் வருகிற நேரமாயிற்று, போய்விட்டாள்.