ரெண்டு விரல் கனம்

வடக்கே, கிட்வாய் நகர் சர்க்கார் குடியிருப்பில் எங்கள் வீடு கீழ்த்தளம். மேல்வீட்டில் என் கணவருடைய அதிகாரி. என் மூத்தவள் பிறந்த வருஷம் வாசலில் நான் நட்ட வேப்பமரம் அவர் பால்கனிக்கு மேலே வளர்ந்துவிட்டது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"குளிர்காலத்துல ஒரு பொட்டு வெயில் வர்றதில்லம்மா" என்றவர், யார் யாரையோ பிடித்து மரத்தை வெட்ட உத்தரவே வாங்கிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ வாயத் தொறக்காதே. அவர் மனசு வெச்சாத்தான் எனக்கு ப்ரமோஷன்" என்றார் என் கணவர். நானும் திறக்கவில்லை. ஆனால் தினமும் விளக்கேற்றும்போது, அந்த ஆள் நாசமாய்ப் போகவேண்டும் என்றுதான் கும்பிட்டேன். இதில் எனக்கென்ன வெட்கம்?

என் அப்பா ஆனைமலைக் காட்டில் மரம் வெட்டும் மேஸ்திரி. மரம் விழவேண்டிய பக்கத்தில் முதலில் ஆழமாகக் கொத்தி எடுத்துவிடுவார். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வருவார். இரண்டு வெட்டும் சேர விடமாட்டார்; நடுவில் ரெண்டு விரல் கனத்துக்குக் கட்டையை விட்டுவைப்பார். கதவு கீலில் திரும்புவதுபோல் மரம் அதில் மடிந்து, சொன்ன இடத்தில் படுக்கும். அதையும் அறுத்துவிட்டால் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தார்கள். புல்தரைப் பக்கம் கொத்தி, பின்பக்கம் அறுத்து, கட்டையை விட்டுவைத்து ஆப்பு அடிக்க ஆரம்பித்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் மேலிருந்து அதிகாரிக்குப் பொறுக்கவில்லை.

"க்யா தமாஷா ஹை? பூரா காட் தோ! ஜல்தி!" முழுசாக அறுத்துத் தள்ளு, சீக்கிரம் என்று அதட்டினார்.

அறுப்பவன் ரெண்டு விரலைக் காட்டி, இவ்வளவு விடவேண்டும் சாப் என்றான். அவர் இன்னும் கத்தினார். "அச்சா" என்று அவன் மறுபடி ரம்பத்தை எடுத்தான்.

ஒரு வார்த்தை சொல்லலாம் என்று ஜன்னலுக்கு வந்தேன். வெளியே நின்ற என் கணவர் என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். ரொம்ப நல்லது என்று நினைத்துக்கொண்டேன். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளையெல்லாம் உள்ளே கூப்பிட்டேன். கொடியில் கிடந்த துணிகளையும் எடுத்தேன். மாடிப்படி ஓரம் அதிகாரியின் புது ஸ்கூட்டர் நின்றது. வருஷக்கணக்கில் பதிவு செய்து காத்திருந்து வாங்கியது, ஸீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. அதை நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

கட்டை அறுந்ததும் மரம் அடியிலேயே ஒரு சுற்றுச் சுற்றி, கிளைகள் கனத்த பக்கம் சாய்ந்தது. ஆட்கள் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஸ்கூட்டர் அப்பளமாய் நொறுங்கியது. அவர் போட்ட உத்தரவை பிளாக்கே கேட்டிருந்ததால் யார்மீதும் பழி போட அவருக்கு வழியில்லை.

என் கணவர் முகம் வெளுத்து உள்ளே வந்தார். "உனக்குத் தெரியுமில்ல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்கதானுங்களே வாயத் தொறக்காதேன்னீங்க" என்றேன்.

அன்று மத்தியானம் முந்திரி நிறையப் போட்டுப் பாயசம் வைத்தேன். மேல்வீட்டுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தனுப்பினேன்.