மாடி வீட்டுக் காய்ச்சல்

மாடி வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலே இல்லையாம், அவர்கள் ஊரிலேயே இல்லையாம் என்ற சேதி புதன்கிழமை காலையில் மட்டுவார்குழலியின் காதுக்கு வந்தது. துணி தேய்க்கிற ராமர், படிக்கட்டு பெருக்குகிற காளியாயியிடம் சொல்லியிருந்தார். காளியாயி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குழலியிடம் சொன்னாள்.

"போன வாரம் மாடி வீட்டம்மா ஸ்வெட்டரா கொண்டாந்து குடுத்துச்சாம் டீச்சர். நாலு ஸ்வெட்டரு, ரெண்டு குல்லா. திருச்சியில யாரு டீச்சர் ஸ்வெட்டர் போடுறா? பனிமலைக்குப் போயிருக்காங்களாம்."

"குல்லாயையுமா தேய்ச்சாரு?" என்றாள் குழலி. அந்த நேரத்தில் அவளுக்கு அதுதான் கேட்க வந்தது.

"அதையெல்லாம் நான் கேக்கல. ராமர் அண்ணன் பொய் சொல்லாது."

குழலி வாசல் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு நடந்தாள். மகள் ஆனந்தவள்ளி முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கும் பள்ளிக்கும் ஏழு நிமிட நடை. அந்த ஏழு நிமிடமும் குழலியின் கண்ணில் ஸ்வெட்டர்தான் தெரிந்தது. என்ன நிறம், கடையில் வாங்கியதா, ஆன்லைனில் வந்ததா. பார்சல் வந்திருந்தால் கீழ் வீட்டில் இருக்கிற தன் கண்ணில் படாமல் எப்படி மாடிக்குப் போயிருக்கும்?

அவள் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவின் வகுப்பாசிரியை. மாடி வீட்டு ரேஷ்மாவின் மகன் சித்தார்த்தனும் வள்ளியும் அவளுடைய வகுப்பில்தான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ரேஷ்மா விடுப்புக் கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். வைரஸ் காய்ச்சல், ஐந்து நாள் விடுப்பு வேண்டும், தங்கள் கீழ்ப்படிந்த மாணவன். வார்த்தைக்கு வார்த்தை குழலி போன மாதம் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஆங்கிலக் கடிதம் அது. அந்தப் பயிற்சிக்குச் சித்தார்த்தனுக்குப் பத்துக்குப் பத்து போட்டவளும் அவள்தான். 'உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு. கஞ்சி வெச்சுத் தரட்டுமா?' என்று பதில் வேறு அனுப்பியிருந்தாள். 'வேணாம்கா, நாங்க பாத்துக்கறோம்' என்று வந்தது. மாடியில் மூன்று நாளாகக் காலடிச் சத்தம் கேட்கவில்லை. பாவம், பிள்ளைகள் சுருண்டு படுத்திருக்கும் என்று நினைத்திருந்தாள்.

விடுப்பு விஷயத்தில் குழலியின் வீடு ஒரு தனிப் பிறவி. அவள் கணவன் சேதுராமன் பேக்டரியில் வெல்டிங் பிரிவு. லீவே போடாதவர் என்று இரண்டு முறை மேடையேறிச் சால்வை வாங்கியவர். வள்ளி எல்.கே.ஜி.யிலிருந்து ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை. அவளுக்கு அம்மை போட்டதுகூட மே மாத விடுமுறையில்தான். வருடா வருடம் முழு வருகைக்கான சான்றிதழ் வாங்கி, ஆறு சான்றிதழையும் கூடத்தில் வரிசையாக மாட்டியிருந்தாள் குழலி.

ஊர் சுற்ற ஆசை இல்லாமல் இல்லை. குடும்பத்தோடு எங்காவது போய்வரப் பேக்டரி கொடுக்கிற எல்.டி.சி. அவர்களுக்கும் உண்டு. ஒவ்வொரு முறையும் அது டிசம்பரோடு காலாவதியாகும். "ஏங்க, இந்தத் தடவையாவது?" என்பாள். "பெரிய லீவுல பார்ப்போம். பள்ளிக்கூடம் இருக்கிறப்ப எப்படிப் போறது, நீயே டீச்சரு" என்பார் அவர். பெரிய லீவு வந்ததும் மருங்காபுரிக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். அங்கே அவர் பங்குக் காடும் குலதெய்வமும் இருந்தன. நடுவில் ஒரு ஞாயிறு வந்தால் ஸ்ரீரங்கம். அம்மா மண்டபத்தில் காலை நனைத்து, கோயிலுக்குப் போய், ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு காபி குடித்து, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் திரும்புவார்கள். "உலகமே இங்க வந்து சேவிச்சுட்டுப் போகுது. நமக்கு வாசல்லயே இருக்கு" என்பார் சேதுராமன். உலகம் ரயிலில் வந்துவிட்டு ரயிலில் போகிறது என்பதைத்தான் குழலி கவனிப்பாள்.

முதல் இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போனபோது, கணக்கு டீச்சர் பானு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பானு, தனியா சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல குழலி." பானு போனைக் கவிழ்த்தாள். கவிழ்த்த வேகமே காட்டிக்கொடுத்துவிட்டது.

"ரேஷ்மா ஸ்டேட்டஸ்தானே? நானும் பார்த்தேன்" என்று ஒரு பொய்யைப் போட்டாள் குழலி.

"அட, உங்களுக்கும் தெரியுமா? நான் வேற பயந்துட்டேன்!" பானு நிம்மதியாகப் போனை நிமிர்த்திக் காட்டினாள். டார்ஜிலிங். தேயிலைச் சரிவு. பொம்மை ரயில் ஜன்னலில் இரண்டு பிள்ளைகள். சித்தார்த்தனின் மூக்கு நுனி சிவந்திருந்தது. ரேஷ்மாவின் புருஷன் ஜெய்சங்கர், பேக்டரியில் சேதுராமனுக்கு அடுத்த ஷெட்டில் வேலை பார்க்கிற அதே ஜெய்சங்கர், ஒரு குல்லாயைப் போட்டுக்கொண்டு காது தெரியச் சிரித்தான். ஸ்வெட்டர் கத்தரிப்பூ நிறம். ரேஷ்மாவுக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

"சீசன் இல்லாததால கூட்டமே இல்லையாம். மலை முழுக்க இவங்களுக்கே எழுதிக் குடுத்த மாதிரி இருக்காம்" என்றாள் பானு.

குழலி வகுப்புக்குத் திரும்பும் வழியில், மாடிப்படி மறைவில் நின்று தன் போனைத் திறந்தாள். ஸ்டேட்டஸ் பக்கத்தில் சித்தப்பா போட்ட காலை வணக்கம் இருந்தது. ஒரு பட்டுப்புடவைக் கடை இருந்தது. ரேஷ்மா இல்லை. எல்லோருக்கும் காட்டி, அவளுக்கு மட்டும் மறைத்திருந்தாள். மாவு தீர்ந்தால் கிண்ணத்தோடு இறங்கி வருகிறவள், தலைவலி என்றால் "அக்கா, தைலம் இருக்கா?" என்று மாடியிலிருந்து கத்துகிறவள் அவள்.

மலையைப் பார்த்தபோது எரிந்தது ஒரு எரிச்சல் என்றால், இது வேறு.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து பள்ளியில் ஒரு வழக்கம் வந்திருந்தது. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் விடுப்பில் இருக்கும் பிள்ளையின் பெயரை, குவார்ட்டர்ஸ் எண்ணோடு ஒரு தாளில் எழுதி, மதியத்துக்குள் எச்.எம். அறைக்குக் கொடுத்துவிட வேண்டும். அது டவுன்ஷிப் சுகாதாரப் பிரிவுக்குப் போகும். அவர்கள் வீடு தேடி வந்து ரத்தம் எடுப்பார்கள், தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்ப்பார்கள், தெரு முழுக்கக் கொசுப்புகை அடிப்பார்கள். தெரிந்த பிள்ளை என்றால் குழலி வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் எழுதுவாள். அன்றைக்கு விசாரிக்கவில்லை. பேனாவை எடுத்தாள். 'சித்தார்த்தன், மூன்றாம் நாள், கடும் காய்ச்சல்' என்று எழுதினாள். கடிதத்தில் 'கடும்' இல்லை. அது அவளாகச் சேர்த்தது. தாளை எச்.எம். அறைக்குக் கொடுத்தனுப்பினாள்.

புகை மெஷினோடு நாலு பேர் மாடியேறிப் பூட்டிய கதவைத் தட்டுவதையும், எதிர் பிளாக்கில் எல்லாரும் பால்கனிக்கு வந்து வேடிக்கை பார்ப்பதையும் நினைத்துப் பார்த்தாள். இனிமேல் எனக்கு மட்டும் என்ன மறைப்பாள்? கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது.

மதியம் வள்ளியும் அவளும் வகுப்பிலேயே சாப்பிட உட்கார்ந்தார்கள். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல்.

"அம்மா, ரயில்ல ஜன்னல் சீட்டு எனக்கா, சித்துவுக்கா?"

குழலியின் கை டப்பாவிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயிலில் சென்னை. மாநில அறிவியல் கண்காட்சி. பள்ளிக்கு ஒரு ஜோடிதான். வள்ளியும் சித்தார்த்தனும் சேர்ந்து செய்த, தானாக மூடிக்கொள்ளும் ரயில்வே கேட். ஒயர் வேலையெல்லாம் அவன், மேடையில் விளக்கிச் சொல்கிறவள் இவள். வள்ளி பிறந்து பத்து வருடத்தில் ரயிலேறப் போகிற முதல் தடவை. பெட்டி ஒரு வாரமாகக் கட்டிலுக்கடியில் தயாராக இருக்கிறது. பேனாவை எடுத்த நேரத்தில் அது எதுவும் குழலிக்கு நினைவுக்கே வரவில்லை.

"அவன் இப்ப பொம்மை ரயில்ல ஏறியிருப்பான். அதனால நம்ம ரயில்ல ஜன்னல் எனக்குத்தான்னு அவன்கிட்டயே சொல்லிட்டேன்" என்றாள் வள்ளி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

வள்ளி உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எல்லாருக்கும் தெரியும்மா. சித்து போன வாரமே சொன்னான்."

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ. அவங்க கார் வாங்குனப்ப ரெண்டு நாள் அப்பாகிட்டயே பேசலல்ல நீ."

குழலி டப்பாவை மூடிவிட்டு எச்.எம். அறைக்கு ஓடினாள். தாள் மேசையில் இல்லை.

"வாங்க குழலி, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் எச்.எம். "கடும் காய்ச்சல்னு எழுதியிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை அந்தப் பையனை ரயில்ல ஏத்தணுமே. சுகாதாரப் பிரிவுக்கு நானே போன் போட்டேன். இன்னைக்கு நாலு மணிக்கு அந்த வீட்டுக்குத்தான் முதல்ல போறாங்க. உங்க மாடி வீடுதானே? பையன் எப்படி இருக்கான்?"

உண்மையைச் சொல்ல அதுதான் சமயம். ஆனால் சொன்னால், தெரிந்துகொண்டே ஏன் எழுதினாய் என்ற கேள்வி வரும்.

"பார்க்கலைங்க மேடம்" என்றாள்.

"நிஜமான காய்ச்சல்னா பார்த்துக்கலாம். வீடு பூட்டிக் கிடந்ததுன்னு வெச்சுக்கங்க, பேரன்ட்ஸ் மீட்டிங்ல நான் சொன்னது சொன்னதுதான். பொய் லெட்டர் குடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போட்டி கிடையாது. டூர் போறோம்னு அவங்களே போன் பண்ணிச் சொன்னா நாலு திட்டு திட்டிட்டு விட்டிருவேன். அடுத்தவங்க வாயால எனக்குத் தெரியக்கூடாது. அப்படின்னா 'ஏ' பிரிவு ஜோடிய அனுப்பிர வேண்டியதுதான்."

"மேடம், வள்ளி..."

"ஜோடிதானே குழலி. ஒத்தைப் பிள்ளைய அனுப்ப முடியாதே."

வெளியே வந்ததும் பானுவைப் பிடித்தாள். "ரேஷ்மா எனக்கு மட்டும் ஏன் மறைச்சா?"

பானு விழித்தாள். "அப்ப நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா? ஐயோ. 'அக்காவுக்குத் தெரிஞ்சா லீவு லெட்டர்ல கையெழுத்து போடச் சங்கடப்படுவாங்க, மாட்டிக்கிட்டா அவங்க வேலைக்கு வம்பு, அதனால அவங்களுக்குத் தெரியவே வேணாம்'னுதான் என்கிட்டச் சொன்னாங்க."

வள்ளி சொன்னதுபோலத் தன் மூஞ்சிக்குப் பயந்து மறைத்தாளா, தன் வேலைக்கு வம்பு வரக்கூடாது என்று மறைத்தாளா? இரண்டும் உண்மையாக இருக்கலாம். எது முதலில் என்பதுதான் குழலிக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். நாலு மணிக்குள் ரேஷ்மாவே எச்.எம்.முக்குப் போன் போட்டு, 'மேடம், டூர் வந்துட்டோம், மன்னிச்சிருங்க' என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு, தான் செய்ததை ரேஷ்மாவிடம் சொல்ல வேண்டும். 'கடும்' என்று எழுதியது உட்பட.

உடனே கூப்பிட்டாள், தொடர்பு எல்லைக்கு அப்பால். மூன்று மணிக்கும் மூன்றேகாலுக்கும் அதுவே. ஜெய்சங்கர் நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 'உடனே கூப்பிடு, அவசரம்' என்று செய்தி அனுப்பினாள். ஒற்றை டிக்கோடு நின்றது. மூன்றரைக்கு மணி அடித்ததும் வள்ளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

"ஏம்மா ஓடுற?"

"பேசாம வா."

வள்ளி உள்ளே போய்க் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். "அம்மா, சென்னையில குளிருமா? ஸ்வெட்டர் வேணுமா?"

"வேணாம்."

"சித்துகிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிக்கவா? அவன்கிட்ட ரெண்டு இருக்கு."

ரெண்டு இருக்கிறதா? அந்த நிலையிலும் குழலிக்குச் சுருக்கென்றது. இவ்வளவு ஆன பிறகும் இது போகவில்லையே என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது. திரும்பவும் நம்பரை அழுத்தினாள்.

இந்தத் தடவை மணி போனது.

அவள் ஜன்னலோரம் வந்து நின்றாள். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டாள். முதலில் எச்.எம். விஷயம். அப்புறம் மன்னிச்சுக்கோ. இல்லை, முதலில் மன்னிச்சுக்கோ. போன் கைப்பைக்குள் கிடக்கிறதோ, டீக்கடையில் கையில் கோப்பையோடு நிற்கிறார்களோ. இல்லை, திரையில் 'குழலி அக்கா' என்ற பெயரைப் பார்த்து ரேஷ்மா ஜெய்சங்கரிடம் காட்டி, 'அப்புறம் பேசிக்கலாம்' என்று சிரிக்கிறாளோ. அங்கே இப்போதே வெயில் சாய்ந்திருக்கும். மலை பொன்னாக இருக்குமாம், பானு சொன்னாள்.

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி மணி போனது.

தெருமுனையில் சுகாதாரப் பிரிவு வண்டி திரும்பியது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் கையில் இருந்த தாளைப் பார்த்து, அண்ணாந்து மாடியைப் பார்த்தான். பிறகு அவளிடம் கேட்டான். "மேடம், காய்ச்சல்காரப் பையன் வீடு இதுதானே? மேல ஆள் இருக்காங்களா?"

குழலி காதில் போனை வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் என்று அவனுக்குக் கை காட்டினாள். ரேஷ்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.