அத்தை பார்த்திராத சித்திரை

அடையாற்றில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது. தாத்தா வாங்கிப்போட்ட இரண்டு கிரவுண்ட் நிலத்தில் வேம்பும் பாதாமும் முருங்கையும் இஷ்டத்துக்கு வளர்ந்துவிட்டன. அதைக் காடு என்று முதலில் அழைத்தவர், அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை. நிலத்தில் அவருக்கும் அப்பாவுக்கும் சரிபாதி உரிமை. பெருக்குவதில் அந்தப் பாகப்பிரிவினை கிடையாது.

அத்தை ஆண்டுதோறும் டிசம்பரில் கச்சேரி கேட்க வருவார். மழை கழுவிய இலைகள், இதமான காற்று, அணில்கள். எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, "ஒரு கிளையக்கூட வெட்டக் கூடாது, தம்பி" என்று உத்தரவிட்டுவிட்டு விமானம் ஏறுவார். மாசியில் பக்கத்து வீட்டுக் கார் மேல் கொட்டும் பாதாம் இலைக்குத் திட்டு வாங்குவதும், ஐப்பசியில் முருங்கையிலிருந்து என் துணிகளுக்குக் குடிபெயரும் கம்பளிப்பூச்சிகளை வரவேற்பதும் எங்கள் பாக்கியம்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக அத்தை சித்திரையில் வந்தார். மறுநாள் காலை காப்பியோடு காட்டுக்குள் கிளம்பினார்.

"வேப்பமரத்துல காக்கா குஞ்சு பொரிச்சிருக்குக்கா. அந்தப் பக்கம் போகாத" என்றார் அப்பா.

"நம்ம எடம்டா. காக்கா என்னைய என்ன பண்ணிடும்?"

காக்கைக்குப் பத்திர விவரம் தெரியாது. உச்சந்தலையில் இரண்டு போடு போட்டது. அத்தை டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

நான் மருந்து தடவும்போதே, "மொதல்ல அந்தக் கிளைய வெட்டு" என்றார்.

"ஒண்ணுகூட வெட்டக் கூடாதுன்னு நீதானேக்கா சொன்ன?" அப்பா குரலில் அவ்வளவு பணிவை நான் கேட்டதே இல்லை.

"அது டிசம்பர்ல சொன்னது."

"குஞ்சு பறக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

அடுத்த நாள் அத்தை என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு துடைப்பத்தோடு உள்ளே போனார். காக்கை ஹெல்மெட்டையும் கொத்திப் பார்த்தது. அவர் அசரவில்லை. சருகைக் கூட்டிக் கூட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பெருக்கிய இடத்தில் மறுபடியும் இலை விழுந்துகொண்டிருந்தது.

"இத தெனம் யாருடா பெருக்குறது?"

"நான்தான்" என்றார் அப்பா.

"சொல்லவே இல்லயே நீ."

"நீ கேக்கல."

அத்தை மறுபடியும் குனிந்து கூட்டத் தொடங்கினார். அப்பாவுக்கே பாவமாகிவிட்டது. துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்.

குஞ்சுகள் பறந்த பிறகும் கிளையை யாரும் வெட்டவில்லை. டிசம்பரில் அத்தை மீண்டும் வந்தார். மனம் இளகித்தான் வந்திருந்தார். தோட்டவேலைக்கென்றே தைத்த விலையுயர்ந்த கையுறை வாங்கி வந்திருந்தார். ஒரே ஒரு ஜோடி, அப்பாவின் அளவில்.